பழுதைத் தாங்கும் விமானம்



கட்டுநாயக்காவிலிருந்து மேற்கு நோக்கி எழும் பெரிய விமானங்களில் நம்மவர் ஒருவரேனும் இல்லாதிருத்தல் அரிது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஏதேனும் ஓர் ஒழுங்கையில் பத்து வீடுகளை எண்ணிப் பாருங்கள். மகன் இலண்டனில், மகள் ரொறன்ரோவில், தம்பி சிட்னியில் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கும். விமானம் இறங்கிற்று என்ற செய்தி வந்த பின்னரே தாய்மார் கண்ணயர்கின்றனர். அவர்கள் மனத்தில் எழும் வினா மிக எளியது. ஆகாயத்தின் நடுவே ஏதேனும் பழுதாகிவிட்டால் என்ன செய்வார்கள்? பேருந்து பழுதானால் காலி வீதியோரமாக நிறுத்தலாம். புகையிரதம் பழுதானால் தண்டவாளத்திலேயே நின்றுவிடும். விமானத்துக்கு நிற்றல் என்பதே இல்லை. பழுதுற்ற நிலையிலும் அது பறந்தேயாக வேண்டும்.

இவ்வினாவுக்கு இன்றைய பொறியியலார் கூறும் விடையை இயன்றவரை எளிமையாகச் சொல்ல விழைகின்றேன். நான் கலைப் பட்டதாரி. வகுப்பறையில் வரலாறும் இலக்கியமும் கற்பித்தவன். எனவே சமன்பாடுகளைக் கொண்டு உங்களை அச்சுறுத்தப் போவதில்லை. அது எனக்கும் நலம், உங்களுக்கும் நலம்.

முதலில் விமானம் எவ்வாறு செலுத்தப்படுகிறது என்பதை அறிதல் வேண்டும். இறக்கைகளின் பின்விளிம்பிலும் வாலிலும் அசையக்கூடிய பலகைகள் உள்ளன. இறக்கைப் பலகைகள் விமானத்தை இடமும் வலமுமாகச் சாய்க்கின்றன. வாலின் கிடைப் பலகை மூக்கை ஏற்றி இறக்குகின்றது. வாலின் நிமிர்ந்த பலகையாகிய சுக்கான், தோணியின் சுக்கானைப் போல முகத்தைத் திருப்புகின்றது. முற்காலத்தில் விமானியின் கைக்கும் இப்பலகைகளுக்கும் இடையே உருக்குக் கம்பிகளே தொடர்பாக இருந்தன. 2019 நவம்பரில் சென்னைக்கும் பலாலிக்கும் இடையே சேவை தொடங்கியபோது வந்த ஏ.டி.ஆர். 72 என்னும் சிறு விமானம் இன்றும் பெரும்பாலும் அம்முறையிலேயே செல்கின்றது. விமானி இழுக்கிறார், கம்பி இழுபடுகின்றது, பலகை அசைகின்றது. பெரிய விமானங்களின் பலகைகளை மனிதக் கைவலியால் அசைக்க இயலாது. ஆகையால் குழாய்களில் அழுத்தப்பட்ட எண்ணெயின் வலியைத் துணைக்கொண்டனர்.

1988ஆம் ஆண்டிலே எயார்பஸ் ஏ-320 சேவைக்கு வந்தபோது ஒரு பெருமாற்றம் நிகழ்ந்தது. விமானியின் கையசைவு மின்குறியாக மாறிக் கணினிக்குச் சென்றது. எந்தப் பலகையை எவ்வளவு அசைத்தல் வேண்டும் என்பதைக் கணினியே முடிவு செய்தது. நம் நாட்டு எயார்லங்கா நிறுவனம் 1994இல் வாங்கிய ஏ-340 விமானங்களும், பின்னர் ஸ்ரீலங்கன் என்ற பெயரில் அது வாங்கிய ஏ-330 விமானங்களும் இவ்வகையினவே. ஆகவே கட்டுநாயக்காவில் ஏறி அமரும் நம்மவர், தாம் அறியாமலே, ஒரு கணினியின் தீர்ப்பில் தம் உயிரை ஒப்படைக்கின்றனர்.

அத்தீர்ப்பு தவறினால்? பொறியியலார் கண்ட முதல் உபாயம் நம் பரீட்சைத் திணைக்களத்தார் நன்கறிந்த ஒன்றே. விடைத்தாள் ஒன்றை இருவர் தனித்தனியே திருத்துவர். புள்ளிகள் வேறுபட்டால் மூன்றாமவர் அழைக்கப்படுவார். ஏ-330 விமானத்தில் பலகைகளை ஆளும் கணினிகள் ஐந்து: முதன்மைக் கணினிகள் மூன்று, துணைக் கணினிகள் இரண்டு. ஒவ்வொன்றினுள்ளும் இரு பகுதிகள் உண்டு. ஒரு பகுதி கட்டளையிடும். மற்றது அக்கட்டளை சரியா என்று பார்த்துக்கொண்டேயிருக்கும். இரண்டும் முரண்பட்டால் அக்கணினி தானாகவே ஒதுங்கிக்கொள்ளும், அடுத்தது பொறுப்பேற்கும். இன்னொரு நுட்பமும் உண்டு. முதன்மைக் கணினியையும் துணைக் கணினியையும் ஒரே வார்ப்பில் வார்க்கவில்லை. வேறு சில்லுகள், வேறு நிரல்கள். ஒரே ஆசிரியரிடம் ஒரே குறிப்பைப் படித்த மாணவர் அனைவரும் ஒரே பிழையை எழுதுவதை நாம் கண்டதில்லையா? அந்த அனுபவமே இங்கும் பயன்பட்டிருக்கின்றது. எண்ணெய்க் குழாய்த் தொகுதிகளும் பச்சை, நீலம், மஞ்சள் எனப் பெயரிட்ட மூன்று.

ஒன்றுக்கு மூன்று வைத்துவிட்டால் அச்சம் ஒழிந்ததா? இல்லை. 1989 ஜூலை 19ஆம் நாள் அமெரிக்காவில் யுனைற்றெட் நிறுவனத்தின் டி.சி.-10 விமானம் 296 பேருடன் சென்றுகொண்டிருந்தது. அதன் வாலிலிருந்த எஞ்சினின் பெரிய விசிறித் தட்டு வெடித்துச் சிதறிற்று. அவ்விமானத்துக்கும் எண்ணெய்த் தொகுதிகள் மூன்று. ஆயினும் மூன்றின் குழாய்களும் வாலருகே சென்றமையால், சிதறிய துண்டுகள் மூன்றையும் அறுத்துவிட்டன. ஒரு பலகையேனும் அசையவில்லை. தலைமை விமானி ஹெயின்சும் துணைவரும், பயணியாக வந்திருந்த டெனிஸ் ஃபிச் என்ற பயிற்சி விமானியும் சேர்ந்து, எஞ்சிய இரு எஞ்சின்களின் வேகத்தை மாறி மாறிக் கூட்டியும் குறைத்தும் அதைச் சூ சிற்றி நகரத்து ஓடுபாதைவரை கொண்டுவந்தனர். தரையில் மோதி விமானம் உடைந்தது. எனினும் 184 பேர் உயிர் பிழைத்தனர். எஞ்சினை மட்டுமே கொண்டு விமானத்தைத் திருப்பலாம் என்று அவர்களுக்கு எந்த நூலும் கற்பித்திருக்கவில்லை. பிற்பாடு அமெரிக்க நாசா நிறுவனத்தார் அதே வித்தையைக் கணினிக்குக் கற்பித்து, 1995இல் எம்.டி.-11 என்ற பெரிய விமானத்தை எஞ்சின் வலியால் மட்டுமே தரையிறக்கிக் காட்டினர். இச்செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்க. உள்ளதைக் கொண்டு இல்லாததன் வேலையைச் செய்வித்தல் என்பதே இன்றைய பேச்சின் உயிர்நாடி.

இதற்கு மறுதலையான கதையும் ஒன்று உண்டு. 2008 ஒக்டோபர் 7ஆம் நாள் சிங்கப்பூரிலிருந்து பேர்த் நகருக்குச் சென்ற குவான்டாஸ் நிறுவனத்தின் ஏ-330 விமானம் 37,000 அடி உயரத்தில் அமைதியாகப் பறந்துகொண்டிருந்தது. எதிர்வரும் காற்றை இறக்கை எக்கோணத்தில் எதிர்கொள்கிறது என்பதைத் தாக்குகோணம் என்பர். அக்கோணம் மிகுந்துவிட்டால் இறக்கை தூக்கும் வலியை இழந்து விமானம் விழும். ஆகவே அதனை அளக்க மூன்று உணரிகள் உள்ளன. அவ்வளவீடுகளைச் சேர்த்தனுப்பும் பெட்டிகளில் ஒன்று பழுதுற்றது. இரண்டு பாகையளவே இருந்த கோணத்தை, அது இடையிடையே ஐம்பது பாகைக்கு மேல் என்று அறிவிக்கலாயிற்று. ஆய்ந்தவர்கள் கண்டது என்னவெனில், உயரத்தைக் குறிக்கும் எண் கோணம் என்ற பெயர்ச்சீட்டை ஒட்டிக்கொண்டு போயிருக்கின்றது. திடீரென்று வரும் பொய்யெண்ணைக் கணினி நம்புவதில்லை. 1.2 விநாடிக்குப் பழைய நல்ல எண்ணையே வைத்துக்கொண்டு, அதன்பின் மீண்டும் பார்க்கும். கெட்ட காலமாக அந்த 1.2 விநாடி முடிந்த கணத்திலேயே அடுத்த பொய்யெண்ணும் வந்து நின்றது. கணினி நம்பிவிட்டது. விமானம் விழப்போகிறது என்றெண்ணி மூக்கைக் கீழே தள்ளிற்று. இருக்கைப் பட்டி அணியாதிருந்தவர்கள் கூரையில் மோதினர். குறைந்தது 110 பயணிகளும் 9 பணியாளரும் காயமுற்றனர். விமானிகள் அதை லியர்மன்ற் என்னும் இடத்திலே பத்திரமாக இறக்கினர், ஓருயிரும் போகவில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். முதலாவதில் பழுது உண்மையானது. அதைக் கண்டு ஏற்றது செய்யும் யந்திரம் இல்லை. இரண்டாவதில் யந்திரம் விழிப்போடிருந்தது. இல்லாத ஆபத்தைக் கண்டு அதுவே ஆபத்தை உண்டாக்கிற்று. காவற்காரன் உறங்குவதும் தீது. வீட்டுக்காரனையே கள்வனென்று அடிப்பதும் தீது.

இனி, முன்னோக்கிக் கணித்து ஆளும் முறைக்கு வருவோம். இது வானத்தில் பிறந்ததன்று. 1970களின் இறுதியிலே அமெரிக்காவில் ஷெல் நிறுவனத்து எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளிலும், பிரான்சு நாட்டுத் தொழிற்சாலைகளிலும் பிறந்தது. சப்புகஸ்கந்தைப் பக்கம் சென்ற நேயர்கள் அத்தகைய ஆலையின் உயர்ந்த கோபுரங்களைக் கண்டிருப்பர். ஓர் அடைப்பைச் சற்றே திறந்தால் அதன் பலன் கோபுரத்தின் உச்சியில் தெரியப் பல நிமிடங்கள் செல்லும். இன்று செய்வதன் பயன் பின்னரே தெரியும் இடத்தில், முன்கூட்டியே எண்ணிச் செயற்படுவதைத் தவிர வேறு வழியில்லை.

அந்த எண்ணும் முறையை நமது காலி வீதியில் வைத்துக் காட்டுகின்றேன். தெகிவளையிலிருந்து வெள்ளவத்தை வழியாகக் கொட்டாஞ்சேனைக்கு வண்டி ஓட்டும் ஒருவரைப் பாருங்கள். அவர் கண் முன் சில்லின் அடியில் இல்லை. ஐம்பது யார் தொலைவிலுள்ளது. அங்கே ஒரு பேருந்து நிற்கின்றது. அதன் வலப்புறம் ஒதுங்கலாமா, முச்சக்கர வண்டி குறுக்கே வருமா, வேகத்தைக் குறைத்தால் பின்னால் வருபவர் இடிப்பாரா என்று பல வழிகளை மனத்துக்குள்ளே ஓட்டிப் பார்க்கிறார். நல்லதொன்றைத் தேர்கிறார். ஆனால் தேர்ந்த திட்டம் முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு நிறைவேற்றுவதில்லை. முதற் சிறு அசைவை மட்டும் செய்கிறார். உடனே மீண்டும் பார்க்கிறார். புதிய நிலையிலிருந்து மீண்டும் எண்ணுகிறார். சதுரங்கம் ஆடுவோரும் இவ்வாறே செய்வர். பத்து நகர்த்தல்களை எண்ணி, ஒன்றை மட்டும் நகர்த்தி, எதிராளியின் கையைப் பார்த்து, திரும்ப முதலிலிருந்து எண்ணுவர்.

கணினி செய்வதும் இதுவே. அதனிடம் விமானத்தின் கணித உருவம் ஒன்று உண்டு. இப்பலகையை இவ்வளவு அசைத்தால் அடுத்த சில விநாடிகளில் விமானம் எங்கே, எவ்வாறு இருக்கும் என்பதை அவ்வுருவம் சொல்லும். அத்துடன் எல்லைகளும் கொடுக்கப்பட்டிருக்கும்: சுக்கான் இவ்வளவு பாகைக்கு மேல் திரும்பாது, இந்த வேகத்துக்குக் கீழே போகலாகாது. அவ்வெல்லைகளுக்குள் நின்று, விமானி விரும்பும் வழிக்கு மிகக் கிட்டியதாக ஒரு திட்டத்தைக் கணித்து, முதற் படியை மட்டும் செய்து, மறுபடியும் கணிக்கும். இது விநாடிக்குப் பல தடவை நிகழும்.

பழுது வந்தால் என்ன ஆகும் என்பதற்கு மீண்டும் வீதிக்கே வாருங்கள். ஆடிவேல் இரதம் காலி வீதியில் வரும் நாள். பம்பலப்பிட்டிப் பக்கம் வழி அடைபட்டிருக்கிறது என்று சாரதி அறிகின்றார். வண்டி ஓட்டும் கலையை அவர் புதிதாகக் கற்கவில்லை. இந்த வழி இல்லை என்ற ஒரே செய்தியைத் தம் எண்ணத்தினுள் சேர்க்கிறார். மரைன் டிரைவ் தானாகவே முன்வந்து நிற்கின்றது. சுக்கான் ஐந்து பாகையில் இறுகிவிட்டது என வைத்துக்கொள்வோம். கணினிக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவே: சுக்கானின் மேலெல்லையும் ஐந்து, கீழெல்லையும் ஐந்து. அடுத்த கணிப்பிலேயே அது சுக்கானை மறந்துவிட்டு, இறக்கைப் பலகைகளையும் எஞ்சின்களின் வேறுபாட்டையும் கொண்டு காரியத்தை முடிக்க முயலும். இன்ன பழுதுக்கு இன்ன மருந்து என்று ஆயிரம் ஏடுகளை எழுதிவைக்க வேண்டுவதில்லை. இம்முறையின் அழகே இதுதான் என்பது என் எண்ணம்.

கதையாக அன்றிக் கணக்காக இதனைச் சோதித்தவர்கள் உண்டு. அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு பெருந்துயர். 1992 ஒக்டோபர் 4ஆம் நாள் மாலை ஆம்ஸ்ரடாம் நகரிலிருந்து எல் அல் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் எழுந்தது. எஞ்சினை இறக்கையோடு பிணைக்கும் ஆணியிலே நாளடைவில் உண்டான களைப்புவெடிப்பினால், வலப்புறத்து உள் எஞ்சின் கழன்றது. கழன்றது வெளி எஞ்சினையும் தட்டிக்கொண்டு வீழ்ந்தது. இறக்கையின் முன்விளிம்பு பிய்ந்தது. எண்ணெய்த் தொகுதிகளிற் பாதி போயிற்று. விமானிகளின் ஆசனத்திலிருந்து அவ்விடத்தைக் காண முடியாது. எஞ்சின்கள் நின்றுவிட்டன என்று அவர்கள் எண்ணினார்கள். அவை அங்கே இல்லை என்பது தெரியாது. எட்டு நிமிடங்கள் அவ்விமானம் பறந்தது. வேகமாகச் சென்றவரை கட்டுக்குள் இருந்தது. இறங்குவதற்காக வேகத்தைக் குறைத்தபோது, சிதைந்த வலது இறக்கை தூக்கும் வலியை இழந்தது. இடப்புறத்து எஞ்சின்களின் முழுவலியும் அதை வலப்பக்கம் உருட்டிற்று. பைல்மர்மேயர் என்னும் புறநகரத்து மாடிக்குடியிருப்பின்மேல் அது வீழ்ந்தது. விமானத்திலிருந்த நால்வரும், வீடுகளிலிருந்த 39 பேரும் மாண்டனர்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ற் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில், பதிவுக் கருவியின் தரவுகளைக் கொண்டு அவ்விமானத்தின் கணித உருவம் ஒன்றை ஆக்கினர். 2003இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மசெயோவ்ஸ்கி, ஜோன்ஸ் என்ற இருவர் அவ்வுருவத்தை முன்னோக்கிக் கணிக்கும் முறையின் கையில் ஒப்படைத்தனர். சேதம் இன்னதென்று கணினிக்குத் தெரிந்திருந்தால், அந்த வீழ்ச்சி தவிர்க்கப்பட்டிருக்கக்கூடும் என்று அவர்களது கணக்குக் காட்டிற்று. பின்பு 2004 முதல் 2008 வரை ஐரோப்பிய நாடுகளின் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் ஒன்றுகூடி, பழுதைத் தாங்கும் பலவகைக் கட்டுப்பாட்டு முறைகளை அதே விமானத்தின் உருவத்தில் வைத்துப் பரீட்சித்தன. டெல்ஃப்ற்றில் சிமோனா என்னும் அசையும் பறப்புக்கூண்டினுள் தொழில்முறை விமானிகளை அமர்த்தி அவற்றுட் சிலவற்றை ஓட்டச் செய்தனர்.

சேதம் இன்னதென்று தெரிந்திருந்தால் என்று சொன்னேனல்லவா? அச்சிறு நிபந்தனைக்குள்ளே பெருஞ்சங்கடம் அடங்கியிருக்கிறது. எது பழுது என்று கண்டறியும் வேலை தனியானது, கடினமானது. விமானம் சாய்வது காற்றின் அலைப்பாலா, பலகை இறுகியதாலா, உணரி பொய் சொல்வதாலா? கணினி தன் கணித உருவம் எதிர்பார்த்த எண்ணையும் உணரி கொடுக்கும் எண்ணையும் ஒப்பிட்டு, மிச்சமாகும் வேறுபாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். வேறுபாடு சிறிதானவுடனேயே கூக்குரலிட்டால் குவான்டாஸ் விமானத்தின் கதி. நெடுநேரம் பொறுத்திருந்தால் ஆம்ஸ்ரடாம் விமானத்தின் கதி. அவ்விரண்டுக்கும் இடையே கோடு கிழிப்பது எங்கே என்பதில்தான் ஆய்வாளர் பலர் தம் வாழ்நாளைச் செலவிடுகின்றனர். 2018 ஒக்டோபரில் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் இரு போயிங் 737 மக்ஸ் விமானங்கள் வீழ்ந்து 346 பேர் மாண்டபோது, ஒரேயோர் உணரியின் சொல்லை நம்பி மூக்கைக் கீழே தள்ளும் அமைப்பு அவற்றில் இருந்ததை உலகம் அறிந்தது. ஒற்றைச் சாட்சியின் வாக்கை மாத்திரம் கொண்டு தீர்ப்பு எழுதும் நீதிபதியை நாம் ஏற்போமா? அங்கே குற்றம் கணிதத்தினதன்று. சிக்கனத்தினதும் அவசரத்தினதும் என்றே நான் கருதுகின்றேன்.

இரண்டாவது சங்கடம் நேரம். எண்ணெய் ஆலைக்கு நிமிடக் கணக்கு. விமானத்துக்கோ விநாடியின் சிறு கூறு. அதற்குள் கணிப்பு முடிந்தேயாக வேண்டும். கணினிகளின் வேகம் வளர வளர இத்தடை குறைந்து வருகின்றது. மூன்றாவது, உறுதிப்பாடு. பயணிகள் விமானத்துக்கு உரிமப்பத்திரம் வழங்குவோர், இந்நிரல் எந்நிலையிலும் இன்னதே செய்யும் என்பதற்கு நிரூபணம் கேட்பர். ஒவ்வொரு கணமும் புதிதாக எண்ணி முடிவெடுக்கும் ஒன்றுக்கு அத்தகைய நிரூபணம் தருவது எளிதன்று. ஆகவேதான் பயணிகள் விமானங்களின் பலகைகளை ஆளும் வேலை பழைய நிலையான விதிகளின் கையிலேயே இருக்கின்றது. கணினி ஒன்றன்பின் ஒன்றாய்ச் செயலிழந்தால், ஏ-330 தன் பாதுகாப்புகளைப் படிப்படியாகத் துறந்து, கடைசியில் கையசைவை அப்படியே பலகைக்கு அனுப்பும் எளிய நிலைக்கு இறங்கும். அதாவது, தன்னால் இயலாது என்று கண்டால் ஆட்சியை மனிதனிடம் திருப்பிக் கொடுக்கும். ஆனால் மணிக்கணக்காகச் சும்மா இருந்தவர் ஒரு நொடியில் அதை ஏற்கத் தக்கவாறு பழகியிருத்தல் வேண்டும். அப்பழக்கத்துக்குச் செலவிடும் பணத்தை எந்த நிறுவனமும் குறைக்கலாகாது என்பது என் கருத்து.

நமக்கு அண்மையிலேயே இத்துறையில் உழைத்தவர்கள் உளர். இந்தியாவின் தேஜஸ் போர் விமானம் இயல்பிலே நிலையற்றதாக வேண்டுமென்றே அமைக்கப்பட்டது. கணினி கைவிட்டால் அது நேராகப் பறவாது. அதனால் அதன் கட்டுப்பாட்டுத் தொகுதி நான்கு தனித்தனித் தடங்களைக் கொண்டது. ஒரு தடம் பிழைத்தால் ஏனைய மூன்றும் அதை வாக்கால் விலக்கிவிடும். அந்தக் கட்டுப்பாட்டு விதிகளை ஆக்கிய குழுவுக்கு அமெரிக்க நிறுவனங்களின் துணை இருந்தது. 1998ஆம் ஆண்டு அணுச்சோதனைக்குப் பின் வந்த தடையினால் அத்துணை நின்றது. பெங்களூரிலிருந்த பொறியியலார் எஞ்சிய வேலையைத் தாமே முடித்தனர். 2001 ஜனவரி 4ஆம் நாள் ராஜீவ் கோதியால் என்ற விமானி அதை முதன்முதலாகப் பெங்களூரிலே பறக்கவிட்டார். அவ்வகை விமானங்களின் முதலாவது படைப்பிரிவு 2018இல் கோயம்புத்தூருக்கு அருகேயுள்ள சூலூருக்கு வந்து சேர்ந்தது.